பாதியில் கரண்ட் போனால்?

செவ்வாய்க் கோளில் 1976 ஜூலை 20 அன்று இறங்கிய வைக்கிங் 1 கலம், 90 நாள் வேலை செய்தால் போதும் என்ற கணக்கில் கட்டப்பட்டது. அது ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1982 நவம்பரில், தேய்ந்துகொண்டிருந்த அதன் பேட்டரிகள் இன்னும் கொஞ்ச காலம் தாங்கட்டும் என்று, சார்ஜ் ஏற்றும் முறையை மாற்றும் புதிய நிரல் ஒன்றைப் பூமியிலிருந்து அனுப்பினார்கள். அந்தக் கட்டளையில் ஒரு பிழை இருந்தது. ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்புவதற்கான தகவல்கள் இருந்த நினைவக இடத்தின் மேலேயே புதிய நிரல் போய் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் பூமியிலிருந்து எவ்வளவு முயன்றும் வைக்கிங் 1-இன் தொடர்பு கிடைக்கவில்லை.

கலத்தைக் காப்பாற்றப் போன அப்டேட்டே அதன் கதையை முடித்தது. அனுப்பியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. அந்த வேலையில் உலகிலேயே தேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் மாற்றியது, அடுத்த திருத்தம் வந்துசேர வேண்டிய வழியை.

கைக்கு எட்டாத கருவியின் மென்பொருளைத் தொலைவிலிருந்தே மாற்றும் இந்த வேலை அன்று விண்வெளிப் பொறியாளர்கள் சிலருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. இன்று வீட்டு வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கண்காணிப்பு கேமரா, மின்சார ஸ்கூட்டர், கார், ஸ்மார்ட் மின்மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் நடக்கிறது. பல நேரம் நாம் தூங்கும்போது, நமக்குத் தெரியாமலே நடக்கிறது. கம்பி செருகாமல், கருவியைக் கடைக்குத் தூக்கிப் போகாமல் காற்றுவழியே வருவதால் இதற்கு ஓவர்-தி-ஏர், சுருக்கமாக ஓடிஏ, அப்டேட் என்று பெயர்.

செல்போனுக்கும் இப்படித்தானே அப்டேட் வருகிறது என்று தோன்றலாம். ஆனால் போனுக்கு ஒரு திரை இருக்கிறது. ஏதாவது தவறினால் அதைக் கையில் வைத்திருப்பவருக்கு உடனே தெரியும். மின்கம்பத்தில் மாட்டிய கேமராவுக்கும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டருக்கும் அப்படி யாரும் இல்லை. அப்டேட் தவறினால் அந்தக் கருவி தானாகவே எழுந்துகொள்ள வேண்டும். எழாவிட்டால் அது வெறும் செங்கல்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் சொல்லும் அதுவே.

அப்டேட் எதற்கு?

இவ்வளவு ஆபத்து என்றால், விற்ற கருவியை அப்படியே விட்டுவிட்டால் என்ன? அப்படி விட்டதன் விளைவை 2016-இல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீநிரல், இணையத்தில் இணைந்திருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிப் போனது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் 60-க்கும் மேல் அதன் பட்டியலில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகள் ஒன்றுசேர்ந்து டைன் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தின் மேல் பாய்ந்தன. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் முடங்கின. கேமராவை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் மாறாததால் சில நிமிடங்களில் மறுபடி புகுந்துவிடும். நோயை விரட்ட முடிந்தது. ஓட்டையை அடைக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கருவிகள் பலவற்றுக்குத் திருத்தம் போய்ச்சேர வழியே வைக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இதைவிடக் கூர்மையான பாடம். சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோகி காரை எங்கோ ஒரு வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்தபடி ஆட்டிவைத்துக் காட்டினார்கள். காரை ஓட்டியவர் இதற்கு முன்பே சம்மதித்திருந்த பத்திரிகையாளர். வைப்பர் தானாக ஓடியது, பாட்டு அலறியது, கடைசியில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி வேகம் பிடிக்கவில்லை. காரின் பாட்டுப் பெட்டிக்குள் இருந்த ஒரு சிப், புதிய ஃபர்ம்வேரை, அதாவது தனக்குள் பதிந்து ஓடும் மென்பொருளை, யார் அனுப்பியது என்று பாராமலே ஏற்றுக்கொள்ளும். செல்போன் வலையமைப்பு வழியாக உள்ளே நுழைந்த இருவரும், தாங்கள் திருத்திய ஃபர்ம்வேரை அந்தச் சிப்பில் ஏற்றியிருந்தார்கள். காரை விற்ற நிறுவனமோ 14 லட்சம் கார்களுக்குத் திருத்த அறிவிப்பு கொடுத்து, உரிமையாளர்களுக்குத் தபாலில் யூ.எஸ்.பி. டிரைவ் அனுப்ப வேண்டியிருந்தது. உடைக்க வந்தவர்களுக்குக் காற்றுவழி திறந்திருந்தது; சரிசெய்ய வந்தவர்களுக்கு அது இல்லை.

காற்றுவழி அப்டேட் நல்லவிதமாகவும் வேலை செய்திருக்கிறது. 2018 மே மாதம், அமெரிக்காவின் நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், டெஸ்லா மாடல் 3 கார் மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்கிறது என்று குறை சொன்னது. சில நாள்களில் நிறுவனம் பிரேக் மென்பொருளைக் காற்றுவழியே மாற்றியது. மறுசோதனையில் கார் 133 அடியில் நின்றது. யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை. ஆனால் 19 அடியை இப்படிக் குறைக்க முடியுமென்றால், ஒரு தவறான நிரலால் கூட்டவும் முடியும். ஆகவே அப்டேட் வேண்டுமா என்ற கேள்வி முடிந்துபோனது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் மிச்சம்.

ஒரு சிப்புக்குள்

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி.32 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்களின் புராஜெக்டிலிருந்து ஸ்மார்ட் பல்பு வரை பல இடங்களில் இருப்பது இது. வைஃபை உண்டு; நிரலை வைத்திருக்க, பெரும்பாலும் 4 எம்.பி. அளவுள்ள ஃபிளாஷ் நினைவகமும் கூடவே வரும்.

இந்த ஃபிளாஷின் சுபாவம் கொஞ்சம் முரடு. எழுதும்போது 1 என்ற பிட்டை 0 ஆக்க முடியும். 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமென்றால் 4 கே.பி. கொண்ட ஒரு பகுதியை மொத்தமாக அழித்தாக வேண்டும். எனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே புதியதை எழுதினால், முதலில் பழையது அழியும், பிறகு புதியது கொஞ்சம் கொஞ்சமாக வரும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் உள்ளே இருப்பது முழுப் பழையதும் அல்ல, முழுப் புதியதும் அல்ல. அடுத்த முறை கரண்ட் வரும்போது ஓடுவதற்கு எதுவும் இருக்காது.

இதற்குக் கண்ட தீர்வு, இடத்தை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதியில் இப்போதைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும். புதியது மற்ற பாதியில் மட்டுமே இறங்கும். புது வீட்டில் பால் காய்ச்சும்வரை பழைய வீட்டைக் காலி செய்யாத குடும்பத்தைப் போல, கருவி பழைய நிரலிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும். தரவிறக்கம் எத்தனை முறை அறுந்தாலும் நஷ்டமில்லை. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து இந்த இரட்டைப் பாதி ஏற்பாடு உண்டு.

ஆனால் ஏதோ ஒரு கணத்தில் 'இனி அந்தப் பாதி' என்று எழுதத்தானே வேண்டும்? அந்த ஒரு வரியை எழுதும்போது கரண்ட் போனால்? இ.எஸ்.பி.32 இதற்கென்றே 4 கே.பி. பகுதிகள் இரண்டை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண்ணும், அந்தப் பதிவு சிதையவில்லை என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். இப்போது ஒன்றில் 5 இருக்கிறது என்றால், புதிய 6-ஐ அதன் மேல் எழுதாமல் மற்றதில் எழுதும். ஒற்றைப்படை என்றால் முதல் பாதி, இரட்டைப்படை என்றால் இரண்டாவது. சிப் விழித்தவுடன் முதலில் ஓடும் சிறு நிரலான பூட்லோடர் இரண்டு பதிவுகளையும் படித்து, சிதையாதவற்றில் பெரிய எண்ணை ஏற்கும். 6 பாதியில் நின்றிருந்தால் சரிபார்ப்பு எண் பொருந்தாது. 5 அப்படியே இருக்கிறது, பழைய நிரல் எழுந்துவிடும். பிளக்கை எந்த நொடியில் பிடுங்கினாலும் ஓடத்தக்க நிரல் ஒன்று மிஞ்சும்.

இத்துடன் முடியவில்லை. புதிய நிரல் முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்காக அது நல்ல நிரல் என்று ஆகிவிடாது. அதனால் இந்தச் சிப்பில், விரும்பினால், சோதனைக் காலம் ஒன்றை வைக்கலாம். புதிய நிரல் முதல் தடவை எழும்போது அதன் பதிவில் 'உறுதி நிலுவையில்' என்ற குறி விழும். நிரல் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 'நான் சரியாக இருக்கிறேன்' என்று பதிய வேண்டும். அப்படிப் பதிவதற்குள் சிப் மறுபடி தொடங்கினால், பூட்லோடர் அந்த நிரலைக் கைவிட்டுப் பழையதற்குத் திரும்பிவிடும். நிரல் எங்கேயாவது சிக்கி நின்றுவிட்டால்? அதற்கு வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் இருக்கிறது; குறித்த நேரத்துக்குள் நிரல் வந்து அதைத் தொடவில்லை என்றால் அது சிப்பையே மறுதொடக்கம் செய்துவிடும்.

இந்த வேலையில் மிக முக்கியமான முடிவு இங்கேதான் இருக்கிறது: 'நான் சரியாக இருக்கிறேன்' என்று எப்போது சொல்வது? பல்பு எரிகிறது, சென்சார் படிக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் உண்டு. அது போதாது. வைஃபை பிடிக்கிறதா, அப்டேட் சர்வரை எட்ட முடிகிறதா, அடுத்த அப்டேட்டை வாங்கிக்கொள்ள முடியுமா என்று பார்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாப் பிழைகளையும் அடுத்த அப்டேட்டில் திருத்திக்கொள்ளலாம். அப்டேட் வரும் வழியில் இருக்கும் பிழையை மட்டும் எந்த அப்டேட்டாலும் திருத்த முடியாது.

யார் அனுப்பியது, யாருக்கு அனுப்பியது

ஜீப்பின் சிப் கேட்காமல் விட்ட கேள்வியை, ஒழுங்காகக் கட்டிய கருவி ஒவ்வொரு முறையும் கேட்கும். தயாரிப்பாளரிடம் இரகசியச் சாவி ஒன்று இருக்கும். அதைக்கொண்டுதான் ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் டிஜிட்டல் கையொப்பம் இடுவார்கள். அந்தக் கையொப்பத்தைச் சோதிக்கத் தேவையான பொதுச்சாவி, அல்லது அதன் சுருக்கம், சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பதிந்திருக்கும். நடுவழியில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. சிப் ஏற்க மறுக்கும்.

இதில் ஒரு வலை உண்டு. ஓட்டை உள்ள பழைய ஃபர்ம்வேரிலும் தயாரிப்பாளரின் உண்மையான கையொப்பம் இருக்கிறதே? தாக்குபவர் அதையே மறுபடி அனுப்பி, அடைத்த ஓட்டையைத் திறந்துவிடலாம். இதைத் தடுக்க, கூட்ட மட்டுமே முடிந்த, குறைக்க முடியாத பதிப்பு எண் ஒன்றைச் சிப்புக்குள் வைக்கிறார்கள். அதற்குக் கீழுள்ள பதிப்பைச் சிப் ஏற்காது. ஆனால் திரும்பிப் போகும் வழி வேண்டும் என்றுதானே இவ்வளவு நேரம் பார்த்தோம்? இரண்டும் மோதுகின்றன. அதனால்தான் அந்த எண்ணை, புதிய நிரல் சோதனைக் காலத்தைத் தாண்டிய பிறகே உயர்த்த வேண்டும். முந்திக்கொண்டால் கருவி பழையதற்கும் போக முடியாமல், புதியதிலும் நிற்க முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

அனுப்பியது உண்மையான நிறுவனமாகவே இருந்தும் கெட்டுப்போன கதை 2017 ஆகஸ்டில் நடந்தது. அமெரிக்காவில் ஸ்மார்ட் பூட்டு விற்கும் ஒரு நிறுவனம், ஒரு மாடலுக்கான ஃபர்ம்வேரை இன்னொரு மாடலுக்கு அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. அவற்றுக்கு இனிக் காற்றுவழித் திருத்தமும் போய்ச்சேராது. பின்பக்கத்தைக் கழற்றி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டியதாயிற்று. அவற்றில் பல, வாடகை அறைகளின் கதவுகளில் இருந்தவை. இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிமுறை, ஃபர்ம்வேருடன் ஒரு விவரக்குறிப்பும் வர வேண்டும், எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்கு என்பது அதில் இருக்க வேண்டும் என்கிறது. எனக்கானது அல்ல என்றால் கருவியே மறுத்துவிட வேண்டும்.

அதோடு, எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பக் கூடாது. முதலில் நூற்றில் ஒரு பங்குக் கருவிகளுக்கு அனுப்பி, அவை மறுபடி வந்து பேசுகின்றனவா என்று பார்த்துப் பிறகுதான் கூட்ட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் போனதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பு, அதைத் திரும்பப் பெறுவதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி மறுபடி தொடங்கும் சுழற்சியில் சிக்கிய கணினிகளைப் பெரும்பாலும் ஆள் நேரில் போய்த்தான் மீட்க வேண்டியிருந்தது.

உடலுக்குள் இருக்கும் கருவி

செங்கலாகிப் போகக் கூடாத கருவி ஒன்று உண்டென்றால் அது பேஸ்மேக்கர். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., ஒரு நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஃபர்ம்வேருக்கு ஒப்புதல் தந்தது. அமெரிக்காவில் மட்டும் 4,65,000 கருவிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. இதை வீட்டில் இருந்தபடியே வாங்கிக்கொள்ளும்படி செய்யவில்லை. நோயாளி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே நிரலேற்றும் கருவியை உடலுக்கு அருகில் வைத்துக் கம்பியில்லாமல் ஏற்றுவார்கள். சுமார் மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பேஸ்மேக்கர் நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற காப்புநிலையில் ஓடும்.

முந்தைய அனுபவத்தை வைத்து எஃப்.டி.ஏ. அபாயத்தை எண்ணிக்கையாகவே வெளியிட்டது. அப்டேட் முடியாமல் பழைய பதிப்புக்குத் திரும்புவது 0.161 சதவீதம், கருவி முழுமையாகச் செயலிழப்பது 0.003 சதவீதம். 4,65,000 பேருக்கும் ஏற்றினால் முதல் வகையில் ஏறக்குறைய 750 பேர், இரண்டாவதில் 14 பேர் என்று ஆகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். அப்டேட் தடைபட்ட அந்த 750 பேரின் கருவியும் பழைய நிரலுக்குத் திரும்பி இதயத்தைத் துடிக்க வைத்துக்கொண்டிருக்கும். திரும்பும் வழியை வடிவமைத்த பொறியாளர்கள் அவர்களுக்குச் செய்திருப்பது அதுதான். அந்த 14 பேர்தான் மருத்துவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள். பேஸ்மேக்கரையே முழுக்க நம்பி வாழும் நோயாளிக்கு, தற்காலிகமாக இதயத்தைத் துடிக்க வைக்கும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்யுங்கள் என்று அறிவுறுத்தப்பட்டது.

2,400 கோடி கிலோமீட்டர்

1977 செப்டம்பரில் கிளம்பிய விண்கலமான வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளில்லாத குப்பைத் தகவலை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது; ஒரு கட்டளை போய்ச்சேர 22.5 மணி நேரம், பதில் வர அதே நேரம். தகவலைத் தொகுத்து அனுப்பும் கணினியின் நினைவகத்தில் ஒரு சிப் பழுதாகி, அதிலிருந்த நிரலும் போய்விட்டது என்று சில மாத ஆராய்ச்சியில் தெரிந்தது. அந்த நிரலை மொத்தமாக வைக்கும் அளவுக்கு வேறெங்கும் ஒரே இடம் காலியாக இல்லை. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தினர் அதைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடங்களில் வைத்து, ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முகவரிகளையெல்லாம் திருத்தி எழுதினார்கள். முதல் துண்டை 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20-ஆம் தேதி வாயேஜர் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது.

இது முடிந்ததற்குக் காரணம், பழுதானது பேசும் பகுதி, கேட்கும் பகுதி அல்ல. கட்டளையை வாங்கி நிறைவேற்றும் கணினி வேறாக இருந்தது. அது கடைசிவரை வேலை செய்துகொண்டே இருந்தது. 46 ஆண்டு பழைய கருவியைக் காப்பாற்றியதும், சில நூறு ரூபாய்ச் சிப்பைக் காப்பாற்றுவதும் ஒரே ஏற்பாடுதான்: மாற்றத்தை வாங்கிக்கொள்ளும் பகுதியை, மாற்றப்படும் பகுதியிலிருந்து பிரித்து வைப்பது.

எத்தனை ஆண்டுக்கு?

இந்த ஏற்பாடுகளெல்லாம், மறுமுனையில் திருத்தத்தை எழுதி அனுப்ப ஒருவர் இருக்கும்வரைதான் பயன்படும். நாசா வாயேஜரைக் கைவிடவில்லை. விற்றுவிட்ட கேமராவை எத்தனை நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கின்றன? சட்டங்கள் இப்போதுதான் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வரும்போது, பொதுவாக ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் ஆதரவு தர வேண்டியிருக்கும். வாகனங்களுக்கான ஐ.நா. விதி எண் 156, அப்டேட்டை முடிக்கும் அளவுக்கு மின்சாரம் இருந்தால் மட்டுமே அதைத் தொடங்க வேண்டும், தடைபட்டால் வண்டி பழைய பதிப்புக்கோ பாதுகாப்பான நிலைக்கோ போக வேண்டும் என்கிறது.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இந்தியா 2021-இல் தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்கு வைத்தது. சுவரில் ஏறிய மீட்டர் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். விற்ற நிறுவனம் அத்தனை ஆண்டு இருக்குமா என்பது நிச்சயமில்லை. அதனால் மீட்டர் வாங்கும் ஒப்பந்தத்தில் விலைக்குப் பக்கத்திலேயே மூன்று விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: எத்தனை ஆண்டு திருத்தம் தருவார்கள், பாதியில் தடைபட்டால் கருவி தானாக எழுமா, நிறுவனம் மூடப்பட்டால் கையொப்பச் சாவி யாரிடம் போகும். கேமராவோ ரவுட்டரோ வாங்கும் நாமும் கடைக்காரரிடம் முதல் கேள்வியையாவது கேட்க வேண்டும். இன்று அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். வாங்குபவர்கள் தொடர்ந்து கேட்டால் அந்தப் பதிலை அட்டைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டிய நிலை நிறுவனங்களுக்கு வரும்.